மலை ஏறும்போது மட்டும் இன்ஜின் படுத்துவிடுகிறது: பழைய டீசல் பிக்கப், பம்ப் சர்வீஸ் செய்தும் தீரவில்லை

மலைவாழை | ஞாயிறு இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இப்ப மாட்டிக்கிட்டேன், அதான் எழுத வந்துட்டேன்.

வண்டி 2005 மாடல் டீசல் பிக்கப். எந்தக் கம்பெனின்னு சொல்லல. சொன்னா அடுத்த பத்துப் பதிவு கம்பெனிச் சண்டையாப் போயிடும், போன மாசம் ஒரு இழை அப்படித்தான் நாசமாச்சு. நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, சிலிண்டருக்கு டீசல அழுத்தித் தள்ளுறது ரோட்டரி பம்ப், கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒண்ணும் இல்ல. 3 லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு.

பாச்சலூர் பக்கத்துல இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு சௌசௌ, மலைவாழை இறக்குறதுதான் வேலை. இறங்கும்போது லோடு, ஏறும்போது பெரும்பாலும் காலி. பிரச்சினை ஏறும்போதுதான். வடகாடு தாண்டி மலை ஆரம்பிச்சு நாலஞ்சு வளைவு வரைக்கும் நல்லாப் போகும். அப்புறம் செகண்ட் கியர்லயே இழுவை குறையும், எவ்வளவு மிதிச்சாலும் சத்தம் ஏறாது, இருமி இருமி நின்னுடும். டீசல் லைன்ல இருக்குற ஹேண்ட் பம்ப் அடிச்சு ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச தூரம் போகும், மறுபடி அதே கதை. லோடோட இறங்கும்போது ஒரு குறையும் இல்ல.

இதுவரைக்கும் செஞ்சது: டீசல் ஃபில்டர் ரெண்டு தடவை, ஏர் ஃபில்டர், டேங்க்ல இருந்து டீசல் இழுக்குற ஃபீட் பம்ப் புதுசு. அதுக்கும் கேக்காம ரோட்டரி பம்பை இறக்கி சர்வீஸ், சிலிண்டருக்குள்ள டீசல் பீய்ச்சுற நாலு நாசிலும் மாத்தியாச்சு. மொத்தம் 19,000 ரூபாய். வியாதி அப்படியே இருக்கு. போதாததுக்கு இப்ப காலைல வெள்ளைப் புகை வேற.

என்னத்தப் பாக்கணும்னு யாராவது சொல்லுங்க. வளைவுல நின்னுட்டா பின்னாடி வர்ற பஸ்காரர் திட்டுற திட்டு இருக்கே, அதுக்காகவாவது.

---

ஓரம்கட்டு | ஞாயிறு இரவு 10:05

3 லட்சம் ஓடின டீசல் இன்ஜின். பிஸ்டன் ரிங் போயிருக்கும். சிலிண்டர் போர் வேலை பண்ணுங்க, இல்ல வந்த விலைக்குத் தள்ளிட்டு வேற வண்டி பாருங்க. சும்மா ஃபில்டர் ஃபில்டர்னு காசக் கொட்டாதீங்க.

---

புதுப்பையன் | ஞாயிறு இரவு 10:11

ஸ்பார்க் பிளக் பாத்தீங்களா ப்ரோ? என் பைக்ல இதே மாதிரிதான் ஏத்தத்துல மிஸ்ஸிங் வந்துச்சு.

---

ஓரம்கட்டு | ஞாயிறு இரவு 10:13

தம்பி, டீசல் வண்டில ஸ்பார்க் பிளக்க எங்க போய்த் தேடுறது?

---

பழைய இரும்பு | திங்கள் காலை 6:20

சின்னப் பையனை விடுங்கள், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஸ்பார்க் பிளக்கை நாசில் என்று கூப்பிட்டவன் நான்.

மலைவாழைத் தம்பி, பாகம் எதையும் இனி மாற்றாதீர்கள். முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

நிற்கும்போது சாவியைத் திருப்பின மாதிரி டப்பென்று நிற்கிறதா, இழுத்து இழுத்துச் சாகிறதா? ரோட்டரி பம்பின் தலையில் ஒரு சின்ன சோலனாய்டு இருக்கும், சாவி போட்டால் ‘டிக்’ என்று கேட்கும். அதற்கு 12 வோல்ட் போய்க்கொண்டிருக்கும் வரைதான் டீசல் உள்ளே போகும். அந்த ஒயர் குலுங்கி விட்டுப் போனால் இன்ஜின் ஒரே அடியாக அணையும், இருமாது. இருமிச் சாகிறது என்றால் டீசல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

இழுவை இல்லாதபோது புகை என்ன நிறம்? கரும்புகையோடு இழுவை இல்லையென்றால் டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை அல்லது நாசில் ஒழுகுகிறது. புகையே இல்லாமல் இழுவை இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசலே போய்ச் சேரவில்லை.

ரிங் சந்தேகத்தை இலவசமாகவே தீர்த்துக்கொள்ளலாம். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி அந்த வாய் மேலேயே தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால், புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால், ஓரம்கட்டு சொல்வது சரி. சும்மா லேசாக ஆடினால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

கடைசியாக, இந்த மலையைத் தவிர வேறு மலை ஏதாவது ஏறினீர்களா?

---

மலைவாழை | திங்கள் இரவு 8:50

அண்ணே, பதில் வரிசையா.

டப்புன்னு நிக்கல. சாகுறதுதான். முதல்ல மூச்சு வாங்கும், அப்புறம் இருமும், அப்புறம் அடங்கும். புகை ஒண்ணும் இல்ல, கண்ணாடில நல்லாப் பாத்தேன். மூடி வச்சுப் பாத்தேன், லேசா நடுங்குச்சு, விழல. ஆயிலும் குறையல.

வேற மலைன்னு கேட்டீங்க பாருங்க, அதான் எனக்குப் புரியாத விஷயம். போன மாசம் மச்சினன் வீட்டுச் சாமான் ஏத்திட்டு வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் போனேன். பீரோ, கட்டில், கிரைண்டர்னு முழு லோடு. பாச்சலூர் ரோட்டை விட நீளமான ஏத்தம். ஒரு இடத்துலகூட நிக்கல! அப்ப சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். அடுத்த வாரம் காலி வண்டியா இங்க ஏறினா அதே இடத்துல படுத்துடுச்சு.

---

ஓரம்கட்டு | திங்கள் இரவு 9:02

அப்ப ரிங் இல்ல. வாபஸ். டேங்க் மூடி பாருங்க. மூடில இருக்குற மூச்சுத் துளை அடைச்சிருந்தா டீசல் குறையக் குறைய உள்ள வெற்றிடம் ஆகும், ஃபீட் பம்ப் இழுக்க முடியாது. நின்ன உடனே மூடியத் திறந்தா ‘உஸ்ஸ்’னு காத்து உள்ள போற சத்தம் கேக்கும். எங்க மாமா வண்டில இதுக்காக நாலு மாசம் அலைஞ்சோம், கடைசில பாத்தா குளவி கூடு கட்டியிருந்துச்சு.

---

மலைவாழை | திங்கள் இரவு 9:15

மூடி முதல்லயே சந்தேகப்பட்டேன். மூடிய எடுத்துட்டு துணியக் கட்டிட்டு ஏறிப் பாத்தேன். நின்னுச்சு.

---

பழைய இரும்பு | செவ்வாய் காலை 6:05

மூடி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கொடைக்கானலில் நிற்காததும் அதற்குப் பொருந்தாது.

கொடைக்கானல் போன அன்று டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது?

---

மலைவாழை | செவ்வாய் மதியம் 1:30

வத்தலக்குண்டு பங்க்ல ஃபுல் பண்ணினேன். மச்சினன் காசு. நம்ம காசுன்னா 1000 ரூபாய்க்குத்தான் போடுறது, முள்ளு எப்பவும் கால் டேங்குக்கும் அரை டேங்குக்கும் நடுவுலதான் நிக்கும்.

எதுக்குண்ணே?

---

வலிகாமத்தான் | செவ்வாய் பிற்பகல் 3:10

தம்பி, நான் யாழ்ப்பாணம். அவர் எதுக்குக் கேக்கிறார் எண்டு எனக்கு விளங்கீட்டுது எண்டு நினைக்கிறன்.

எங்கட ஐயா ஒரு பழைய டீசல் பிக்கப் வச்சிருந்தவர், அதுக்கும் இதே வருத்தம்தான். தாங்கி நிறைய இருந்தால் ராசா மாதிரி ஓடும், பாதிக்குக் கீழ வந்தால் காத்துப் பிடிக்கும். தாங்கிக்குள்ள டீசல் இழுக்கிற குழாய் ஒண்டு மேலயிருந்து அடி வரைக்கும் இறங்குது பாருங்கோ, அதில நடுவில வெடிப்பு. டீசல் அந்த வெடிப்புக்கு மேல நிண்டால் டீசலைத்தான் இழுக்கும். கீழ போனால் காத்தையும் சேத்து இழுக்கும். பாதி குடிச்சாப் பிறகு ஓட்டை விழுந்த ஸ்ட்ரோ மாதிரி.

ஒண்டு கேக்க வேணும். இரவு வீட்டில நிப்பாட்டேக்க மூஞ்சி மேட்டுப் பக்கமோ பள்ளப் பக்கமோ? காலமை ஸ்ராட் எடுக்கிறதில வித்தியாசம் தெரியுதோ?

---

மலைவாழை | செவ்வாய் இரவு 9:20

இது மாந்திரீகம் மாதிரி இருக்கு. வீடு சரிவுலதான். மூஞ்சி மேட்டப் பாத்து நின்னா காலைல ஹேண்ட் பம்ப் அடிக்காம எடுக்காது. பள்ளத்தப் பாத்து நின்னா ஒரே செல்ஃப். நான் குளிருன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

---

கொங்கு டீசல் | செவ்வாய் இரவு 10:40

ஏனுங்க, நானும் பம்ப் கடைல பத்து வருசம் இருந்தவன். பெரியவரு கரெக்டான ரூட்டுல போறாருங்க. ஆனா குழாய்தான்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. டேங்குல இருந்து பம்ப் வரைக்கும் காத்து நுழைய எடம் நெறைய இருக்குதுங்க: ரப்பர் ஹோஸ் வெடிப்பு, கிளிப் தளர்ச்சி, ஃபில்டர் தலைல இருக்கற ரப்பர், பைப்ப மாட்டற, நடுவுல துளை உள்ள பேஞ்சோ போல்ட்டுக்கு அடில இருக்கற செம்பு வாஷர், ஹேண்ட் பம்ப்போட டயாஃப்ரம். சக்‌ஷன் பக்கம், அதாவது டீசல் இழுக்கற பக்கம் ஓட்டைன்னா டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனால காஞ்சு கெடக்குதேன்னு நம்பிடாதீங்க.

கண்ணுல பாத்தாத்தான் உண்டு. ஹார்டுவேர் கடைல கொத்தனாருங்க மட்டம் பாக்கற டியூப் கேளுங்க, அடிக்கணக்குல தருவாங்க. ஒரு முழம் வாங்கி ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல மாட்டுங்க. குமிழ் ஓடுனா காத்து. அடுத்து அதே டியூப்ப ஃபீட் பம்ப்புக்கு முன்னாடி மாட்டுங்க. அங்கயும் குமிழ்னா ஓட்டை டேங்க் பக்கம், அங்க சுத்தமா இருந்தா ஓட்டை இன்ஜின் பக்கம். டெஸ்டுக்கு மட்டும்தானுங்க, அந்த டியூப்ப அப்படியே விட்டுராதீங்க. டீசல்ல கெடந்தா கொஞ்ச நாள்ல கல்லு மாதிரி ஆகி வெடிச்சுரும்.

இன்னொண்ணு, கேன் டெஸ்ட். அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி பம்ப்ப விட உசரமா, சூடாகற மேனிஃபோல்டுக்குத் தூரமா நல்லாக் கட்டுங்க. டேங்க் லைன அடைச்சுட்டு கேன்ல இருந்து ஃபில்டருக்குக் குடுங்க. பம்ப் மிச்ச டீசலத் திருப்பி அனுப்பற ரிட்டர்ன் பைப்பும் கேனுக்கே வரட்டும். அப்படியே மலை ஏறுங்க. நிக்கலைன்னா பம்ப்பு, நாசில், கம்ப்ரெஷன் எல்லாமே நிரபராதி.

---

வலிகாமத்தான் | புதன் காலை 7:30

கேன் எண்டதும் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில இஞ்ச பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் கண்ணில காட்டாத காலம். ஒஸ்ரின் கார், மோட்டர் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்ராட் எடுக்க மட்டும் சின்னப் போத்திலில கொஞ்சம் பெற்றோல், சூடு பிடிச்சதும் மண்ணெண்ணெய். எஞ்சினுக்கு எரிபொருள் எப்பிடிப் போகுது எண்டு அப்ப ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு மெக்கானிக் படிச்சவன். தலைப்புக்கு வெளிய போயிட்டன், மன்னிக்கோணும்.

---

புதுப்பையன் | புதன் காலை 8:02

வெளிய போகல அண்ணா, நல்லாருக்கு.

ஒரு டவுட். குழாய்ல ஓட்டைன்னா சமதளத்துல, இறக்கத்துல ஏன் நிக்கல? அங்கயும் டீசல் கம்மியாத்தான இருக்கும்?

---

பழைய இரும்பு | புதன் காலை 9:15

பாருங்கள், ஸ்பார்க் பிளக் தம்பி நல்ல கேள்வி கேட்கிறார்.

டேங்க் ஒரு தட்டையான பெட்டி. மூஞ்சி மேலே தூக்கினால் டீசல் பின்பக்கம் சாய்ந்துவிடும். குழாய் டேங்கின் முன்பாதியில் இறங்குகிறது என்றால் அந்த இடத்தில் மட்டம் பல அங்குலம் குறையும், ஓட்டை காற்றில் நிற்கும். இறக்கத்தில் டீசல் முன்னால் வந்து ஓட்டையை மூடிவிடும். கொஞ்சம் காற்று போனால் ரோட்டரி பம்ப் அதை ரிட்டர்ன் வழியாகத் திருப்பித் தள்ளிச் சமாளிக்கும். சமதளத்தில் நடப்பது அதுவாக இருக்கலாம். தொடர்ந்து போனால் சமாளிக்க முடியாது. அதனால்தான் நாலைந்து வளைவு தாண்டிய பிறகு நிற்கிறது.

ஆனால் காலை வெள்ளைப் புகை இதில் எனக்கு ஒட்டவில்லை. மலைவாழை, அது பம்ப் சர்வீஸுக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா?

---

மலைவாழை | வியாழன் இரவு 10:30

அண்ணே, புகை பம்ப் மாட்டின அன்னைக்கே வந்தது. பம்ப் செட் ஆகணும், ஓட ஓட சரியாகும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இன்னொண்ணும் இப்பத்தான் உறைக்குது. முன்னாடி நாலுவழிச் சாலைல 80 போவேன், இப்ப 60 தாண்ட மூக்கால அழுது.

இன்னைக்கு லோடு இல்ல, காலைல இருந்து இதே வேலை. மட்டம் பாக்குற டியூப் மாட்டினேன். கால் டேங்க் டீசல். சமதளத்துல அங்கங்க ஒரு குமிழ். ஏத்தத்துல சோடா பாட்டில திறந்த மாதிரி! நின்ன இடத்துல டியூப் பாதி காலி. ஃபீட் பம்ப்புக்கு முன்னாடி மாத்திப் பாத்தேன், அங்கயும் அதேதான். டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ் மொத்தமும் புதுசு போட்டேன், கிளிப்போட 280 ரூபாய். குமிழ் குறையல. அப்புறம் ரெண்டு கேன் டீசல் கொண்டாந்து டேங்க நிரப்பினேன். ஒரு குமிழ் இல்ல, கண்ணாடி மாதிரி ஓடுது.

கேன் டெஸ்ட்டும் பாத்தாச்சு. முதல் தடவை சோம்பேறித்தனத்துல ரிட்டர்ன டேங்குக்கே விட்டுட்டேன். அஞ்சு லிட்டர் ரெண்டு கிலோமீட்டர்கூட வரல, சர்ருன்னு காலி. ரெண்டாவது தடவை ரிட்டர்ன கேனுக்கே குடுத்தேன். பரப்பலாறு அணை தெரியுற வளைவு வரைக்கும் நிக்காமப் போனேன். ஆனா இழுவை மட்டும் சொல்லிக்கிற மாதிரி இல்ல.

---

கொங்கு டீசல் | வியாழன் இரவு 11:10

ஒரு நிமிசம் இருங்க. அஞ்சு லிட்டரு ரெண்டு கிலோமீட்டர்ல காலிங்களா? ரோட்டரி பம்ப் ரிட்டர்ன் நெறையத்தான் விடும், ஆனா அத்தனை விடாதுங்க. உங்க வண்டிக்கு வியாதி ஒண்ணில்ல, ரெண்டு. ரெண்டாவது பம்ப் மாட்டும்போது வந்தது.

ரோட்டரி பம்ப்புக்குள்ள, தகடு வெச்சுச் சுத்தற ஒரு சின்ன வேன் பம்ப் இருக்குதுங்க. அது பம்ப் வயித்துக்குள்ள பிரஷர் ஏத்தும். இன்ஜின் சுத்து ஏற ஏற அந்த பிரஷரும் ஏறும், அதுதான் உள்ளார இருக்கற அட்வான்ஸ் பிஸ்டனைத் தள்ளி டைமிங்க, அதாவது டீசல் பீய்ச்சற நேரத்த, முன்னால கொண்டு வரும். அந்த பிரஷர் வெளிய ஓடிராம பிடிச்சு வெக்கறது எது? ரிட்டர்ன் பேஞ்சோ போல்ட். பாக்க இன்லெட் போல்ட் மாதிரியே இருக்கும், ஆனா உள்ள ஊசிமுனை அளவு துளைதான். பல போல்ட்டுல தலைலயே ‘அவுட்’னு பொறிச்சிருக்கும். அத மாத்தி சாதா போல்ட்ட மாட்டிட்டா டீசல் தொறந்த குழா மாதிரி ரிட்டர்ன்ல ஓடிப் போயிரும். உள்ள பிரஷர் நிக்காது, டைமிங் முன்னால வராது. காலைல வெள்ளைப் புகை, மேல் சுத்துல இழுவை இல்ல. உங்களுக்கு அதுதானுங்க.

வெள்ளைப் புகைய ஒருக்கா மோந்து பாருங்க. பச்சை டீசல் வாசம் கண்ணக் கரிச்சா நாஞ்சொன்னதுதான். இனிப்பு வாசம் அடிச்சு ராடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா அது ஹெட் கேஸ்கெட், வேற சமாச்சாரம்.

---

ஓரம்கட்டு | வெள்ளி காலை 7:00

19,000 ரூபாய் குடுத்து புது வியாதிய வாங்கிட்டு வந்திருக்காரு பாவம். அந்தக் கடைக்காரன்கிட்ட போய் சட்டையப் பிடிங்க.

---

பழைய இரும்பு | வெள்ளி காலை 7:25

சட்டையெல்லாம் வேண்டாம். சாதுவாகப் போய் ‘அந்த போல்ட் உங்கள் டப்பாவில் கிடக்கிறதா பாருங்கள்’ என்று கேளுங்கள். எல்லாப் பட்டறையிலும் ஒரு பால் பவுடர் டப்பா இருக்கும், உலகத்திலுள்ள எல்லா போல்ட்டும் அதில் இருக்கும்.

டேங்கைத் திறக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். மூடியைச் சுற்றியிருக்கிற மண்ணைத் துடைத்துவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் அதுவே நாளைக்கு ஃபில்டரை அடைக்கும். நாசில் பைப் நட்டுகளை இன்ஜின் ஓடும்போது தளர்த்திப் பார்க்கச் சொல்லி யாராவது சொன்னால், கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு எடுத்தார்கள்.

---

மலைவாழை | ஞாயிறு மாலை 5:45

முடிஞ்சது. விவரமா எழுதுறேன், நாளைக்கு எவனாவது தேடி வந்தா உதவும்.

டேங்க் ஃப்ளோட் யூனிட்ட, அதாவது மிதவையும் டீசல் இழுக்குற குழாயும் சேந்ததக் கழட்டினேன். மேல்தட்டுல இருந்து எட்டு விரக்கடை கீழ, குழாய் மேல ஒரு கிளாம்ப் பத்த வச்சு ஒட்டியிருக்கு. அந்த ஓரத்துல துரு அரிச்சு, அரிசி நுழையற ஓட்டை. மேல இருந்து எட்டிப் பாத்தா தெரியாது. கீழ் வாயை விரலால அடைச்சு மேல ஊதினதுலதான் கன்னத்துல காத்து அடிச்சுது. லேத் பட்டறைல பித்தளை வச்சு அடைச்சுக் குடுத்தாங்க, 150 ரூபாய். மேல்தட்டு ரப்பர் புதுசு. அடில மண்டியும் இருந்துச்சு, வழிச்சு எடுத்துட்டேன்.

போல்ட் கதை. ரிட்டர்ன் பக்கம் இருந்ததக் கழட்டி வெளிச்சத்துல பாத்தா பென்சில் நுழையும். பட்டறைக்குப் போனேன். பழைய இரும்பண்ணே, டப்பா பால் பவுடர் டப்பா இல்ல, பெயின்ட் டப்பா. தலைகீழாக் கொட்டி அவரே தேடினார். தலைல ‘அவுட்’னு பொறிச்சு ஒண்ணு வந்துச்சு. உள்ள பாத்தா ஊசி மாதிரி துளை. மனுஷன் முகமே போயிடுச்சு. செம்பு வாஷர் புதுசு போட்டு அவரே மாட்டிக் குடுத்தார், காசு வாங்கல, டீ வாங்கிக் குடுத்தார். கூலில 2,000 திருப்பித் தர்றேன்னு சொல்லியிருக்கார்.

இன்னைக்குக் காலைல வேணும்னே மூஞ்சிய மேட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தேன். ஒரே செல்ஃப். ஹீட்டர் போட்டு ஸ்டார்ட் எடுத்ததும் புகை ரெண்டு மூச்சு, அவ்வளவுதான். கால் டேங்குக்கும் கீழ வச்சு ஒட்டன்சத்திரத்துல இருந்து வீடு வரைக்கும் ஏறினேன், டியூப்ல குமிழ் இல்ல. சாயங்காலம் டியூப்ப எடுத்துட்டு ரப்பர் மாட்டிட்டேன்.

---

புதுப்பையன் | ஞாயிறு மாலை 6:10

ப்ரோ, பழைய நாசில் நாலும் நல்லதுதானே அப்ப? தூக்கிப் போட்டுட்டீங்களா?

---

மலைவாழை | ஞாயிறு மாலை 6:31

அதுதான் தம்பி வயிறு எரியுது. வச்சிருக்கேன், எண்ணெய்த் துணில சுத்தி. கொங்கு அண்ணன் கடைல டெஸ்டர்ல போட்டுப் பாத்துச் சொன்னா ஸ்பேரா வச்சுக்குவேன்.

---

கொங்கு டீசல் | ஞாயிறு இரவு 8:15

கொண்டாங்க, பாத்துடலாம். காசெல்லாம் வேண்டாங்க. வர்றப்ப ரெண்டு மூட்டை சௌசௌ ஏத்திட்டு வாங்க.